முதல் ஆறு பந்தயங்களைப் புள்ளிப் பட்டியலில் தேடாதீர்கள்: எஃப்1 களத்தின் புதிய தயாரிப்பாளர் அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2026 பருவத்தில் ஃபார்முலா 1 தொடக்க வரிசையில் ஆடி, கேடிலாக் என்று இரண்டு பெரிய கார் நிறுவனங்களின் பெயர்கள் புதிதாக ஏறியிருக்கின்றன. ஆடி, சுவிட்சர்லாந்தின் ஹின்வில்லில் இருந்த சாபர் அணியை முழுதாக வாங்கி, ஜெர்மனியின் நாய்பர்க்கில் சொந்தமாகப் பவர் யூனிட் (இன்ஜினும் மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த தொகுதி) செய்கிறது. கேடிலாக் 11ஆவது அணியாக ஃபெராரியின் பவர் யூனிட்டோடு இறங்கியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த யூனிட் 2029இல் வரவேண்டும் என்பது திட்டம். இந்த மடல் உங்கள் இருவருக்கும், நாளை இந்தக் களத்துக்கு வர நினைக்கும் எந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கும் சேர்த்துத்தான்.

நாங்கள் கேட்பது ஒன்றே. முதல் ஆறு பந்தயங்களின் புள்ளிகளை வைத்து அணியை எடைபோடாதீர்கள். அந்த ஆறு பந்தயங்களிலும் கார்கள் எத்தனை சுற்று ஓடின, எதனால் நின்றன, ஒருமுறை வந்த பழுது மறுபடி வந்ததா என்பதை வைத்து எடைபோடுங்கள். அந்தக் கணக்கு முடியும்வரை தலைவரையும் ஓட்டுநரையும் மாற்றும் பேச்சை எடுக்காதீர்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பருவத் தொடக்கப் பந்தயங்களுக்கு அது ஒத்துவராது. 2002 மார்ச் 3ஆம் தேதி மெல்போர்னில் டொயோட்டா தன் முதல் பந்தயத்தை ஓடியது. முதல் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் பாரிக்கெல்லோவின் கார்மீது ஏறிப் பறக்க, 8 கார்களின் பந்தயம் அங்கேயே முடிந்தது. மிச்சமிருந்தவர்களில் மிகா சாலோ 6ஆவதாக வந்து, அன்றைய விதிப்படி 1 புள்ளி எடுத்தார். மூன்றாவது பந்தயமான பிரேசிலிலும் அவருக்கு 6ஆம் இடம், இன்னொரு புள்ளி. மூன்று பந்தயத்தில் இரண்டு புள்ளி என்றால் புது அணிக்கு நல்ல தொடக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தப் பருவத்தில் மொத்தம் 17 பந்தயங்கள். மிச்சம் 14இல் ஒரு புள்ளிகூட வரவில்லை. அணி 10ஆவது இடத்தில் முடித்தது. ஆண்டு முடிவில் இரண்டு ஓட்டுநர்களையும் மாற்றினார்கள். எட்டுப் பருவம் ஓடி, 2009இல் ஒரு வெற்றிகூட இல்லாமல் டொயோட்டா வெளியேறியது.

ஆடிக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2025 மெல்போர்ன் பந்தயம் மழையில் நடந்தது. பலர் சுவரில் மோதி வெளியேற, சாபரின் ஹுல்கன்பெர்க் 7ஆவதாக வந்து 6 புள்ளி எடுத்தார். 2024 முழுப் பருவத்திலும் அந்த அணி எடுத்ததே 4 புள்ளிதான். ஆனால் அந்த மெல்போர்ன் காரில் வேகம் இல்லை. அடுத்த ஏழு பந்தயங்களில் அணிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒன்பதாவது பந்தயமான ஸ்பெயினுக்குப் புதிய ஃப்ளோர் (காரின் அடித்தட்டு) வந்தது. ஹுல்கன்பெர்க் 5ஆம் இடம். சில்வர்ஸ்டோனில் 3ஆம் இடம். பருவ முடிவில் 70 புள்ளி, 9ஆம் இடம். மெல்போர்னின் 6 புள்ளியைப் பார்த்துக் கொண்டாடியிருந்தாலும் தவறு, அதற்குப் பின் வந்த ஏழு பூஜ்யங்களைப் பார்த்து ஆளை மாற்றியிருந்தாலும் தவறு. ஹின்வில்லில் அந்த ஏழு வாரயிறுதிகளிலும் வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அது புள்ளிப் பட்டியலில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, எதைப் பார்ப்பது?

முதலில் சுற்றுகளை எண்ணுங்கள். மெல்போர்ன் 58 சுற்று, ஷாங்காய் 56, சுஸுகா 53. இரண்டு கார்களும் முழுதாக ஓடினால், சீனாவின் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தைச் சேர்க்காமல், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் 334 சுற்று. அதில் உங்கள் அணி எத்தனை ஓடியது? இந்த ஒற்றை எண், பெற்ற இடங்களைவிட அதிகம் சொல்லும். மெர்சிடிஸ் 2026இல் தன் அணியோடு மெக்லாரன், வில்லியம்ஸ், ஆல்பைன் ஆகியவற்றுக்கும் பவர் யூனிட் கொடுக்கிறது. எட்டு கார்கள், அதே மூன்று பந்தயங்களில் 1,336 சுற்றுக்கான தரவு அவர்களிடம் சேரக்கூடும். ஆடிக்கு வாடிக்கையாளர் அணி இல்லை. இரண்டே கார்கள். ஒரு தாங்கி தேய்வதை, ஒரு சீல் கசிவதை, பேட்டரியின் ஒரு செல் மற்றவற்றைவிடச் சூடாவதை மெர்சிடிஸ்காரர்கள் நான்கு மடங்கு வேகத்தில் கண்டுபிடிப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஆடிக்கு டைனோ (இன்ஜினைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கும் சோதனை மேடை) மட்டும்தான் இருக்கிறது. டைனோவில் இன்ஜின் அசையாமல் நிற்கிறது. தட ஓரத்து மேடான கர்பில் ஏறிக் குதிக்கும்போது எண்ணெய்த் தொட்டியில் என்ன நடக்கிறது, பக்கவாட்டு விசையில் எண்ணெய் எந்த மூலைக்கு ஓடுகிறது, உறிஞ்சும் பம்ப் எண்ணெயோடு எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதெல்லாம் தடத்தில்தான் முழுதாகத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் 12 சுற்று ஓடிவிட்டுக் காரை உள்ளே நிறுத்தினால், போவது ஒரு மணி நேரப் பயிற்சி மட்டுமில்லை. அடுத்த மாதம் வரவேண்டிய திருத்தமும் அதோடு தள்ளிப்போகிறது.

பருவத்துக்கு முந்தைய சோதனை ஓட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2026இல் பார்சிலோனாவில் அணிக்கு 3 நாள், பஹ்ரைனில் இரண்டு முறை மும்மூன்று நாள். மொத்தம் 9 நாள், ஒரே கார், இரண்டு ஓட்டுநர்கள். ஆளுக்கு நாலரை நாள். 2001இல் டொயோட்டா ஒரு முழு ஆண்டு தடங்களில் சோதனைக் காரை ஓட்டிப் பழகிவிட்டுத்தான் களத்துக்கு வந்தது. அப்படி வந்தும் மேலே சொன்ன நிலை. இன்று வரும் அணிக்கு முதல் சில பந்தயங்களே சோதனை ஓட்டத்தின் மிச்சம்தான் என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டால், பாதி மனக்கசப்பு வராது.

இரண்டாவது, கார் நின்ற ஒவ்வொரு முறைக்கும் ஒரு தாள். இதுதான் இந்த மடலின் நடுநாயகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

31ஆவது சுற்றில் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ஹைட்ராலிக் அழுத்தம் போய்விட்டது" என்று செய்திக் குறிப்பு வரும். அந்த வரியை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கியர் மாற்றம், க்ளட்ச், ஸ்டியரிங், டிஃபரன்ஷியல், த்ராட்டில் எல்லாம் ஹைட்ராலிக்கை நம்பி ஓடுகின்றன. அதில் எந்தக் கிளை? திரவம் வெளியே போனதா, பம்ப் அழுத்தம் கொடுக்கவில்லையா, வால்வில் துகள் மாட்டியதா, சென்சார் பொய் சொன்னதா? திரவம் வெளியே போனது என்றால் எங்கிருந்து? கியர்பாக்ஸின் இடப்பக்கம் போகும் ஒரு மெல்லிய குழாய், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு மூன்று விரல் தள்ளி, வெப்பத் தடுப்புத் தகட்டின் ஓரத்தில் உரசி, நூல் அளவுக்குத் தேய்ந்து துளை விழுந்திருக்கிறது. இப்போது கேள்விகள் ஒழுங்காக வரும். வரைபடத்திலேயே இடைவெளி போதாமல் இருந்ததா? அப்படியென்றால் வடிவமைப்புப் பிழை; இரண்டு கார்களிலும் இருக்கும். வரைபடத்தில் 5 மில்லிமீட்டர் விட்டிருந்து, செய்துவந்த குழாய் வளைவு தப்பியதா? தயாரிப்புப் பிழை, அதே தொகுதியில் வந்த எல்லாக் குழாயையும் எடுத்துப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை இரவு கியர்பாக்ஸை மாற்றியபோது கிளிப்பை ஒரு துளை தள்ளிப் பூட்டினார்களா? பொருத்தும் பிழை, வேலைத்தாளில் ஒரு சரிபார்ப்பு வரி சேர்க்க வேண்டும். ஓட்டுநர் கர்பின்மேல் காரை அடித்து அடித்து ஏற்றியதால் தகடு வளைந்ததா? அப்போது அது இயக்கும் முறையின் பிழை.

நான்கில் எந்தப் பிழை, அந்தப் பாகம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, அதற்கு முன் எப்போது கையால் தடவிப் பார்த்தார்கள், அடுத்த பந்தயத்துக்கு முன் என்ன மாறுகிறது, மாற்றத்தைச் சரிபார்ப்பவர் யார். ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். ஆறு பந்தயத்தில் பத்துத் தாள் சேர்ந்தாலும் கவலைப்படாதீர்கள். பத்துத் தாளிலும் பத்து வேறு வேறு காரணம் இருந்தால் அந்த அணி கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரே குழாய் இரண்டு தாளில் வந்தால், அப்போது கூட்டத்தைக் கூட்டுங்கள். அப்போதும் தனியாள் யாரென்று தேடாதீர்கள்; முதல் தாளில் எழுதிய திருத்தம் ஏன் காருக்குப் போய்ச் சேரவில்லை என்று தேடுங்கள். புது அணிகளில் பெரும்பாலும் காரணம் கண்டுபிடிப்பது தாமதமாவதில்லை. வரைபடம் திருத்தியபின் பாகம் செய்து, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்புவதற்குள் அடுத்த பந்தயம் வந்துவிடுகிறது. அடுத்தடுத்த வாரங்களில் பந்தயம் இருந்தால் சரக்கு விமானம் தொழிற்சாலைக்குத் திரும்பக்கூட நேரமில்லை.

மூன்றாவது, வேகம். வேகத்தைப் பார்க்க, பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையைவிட, தொடக்க வரிசைக்கான தகுதிச் சுற்றுகள் நடக்கும் சனிக்கிழமை நல்லது. ஆனால் விநாடியில் பார்க்காதீர்கள். மொனாக்கோ 3.337 கிலோமீட்டர், ஸ்பா 7.004 கிலோமீட்டர். இரண்டிலும் 1 விநாடி பின்தங்குவது ஒன்றாகாது. சதவீதமாக மாற்றுங்கள். அதிலும் மூன்று தகுதிச் சுற்றுகளில் முதலாவதில் எல்லாரும் ஓடிய நேரத்தையே எடுங்கள், ஏனென்றால் உங்கள் கார் அதோடு வெளியேறியிருந்தால், மற்றவர்கள் மூன்றாம் தகுதிச் சுற்றில் ரப்பர் ஏறிய தடத்தில் எடுத்த நேரத்தோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை. முதல் தகுதிச் சுற்றில் யாரோ எடுத்த மிகச் சிறந்த நேரம் 80 விநாடி, உங்களது 81.2 என்றால் இடைவெளி 1.5 சதவீதம். ஆறு பந்தயத்துக்கும் இப்படி எழுதி, சராசரி எடுக்காமல் நடுமதிப்பை எடுங்கள். ஒரு மழைச் சனிக்கிழமை சராசரியைக் கெடுத்துவிடும். முதல் மூன்றின் நடுமதிப்பு 1.8ஆக இருந்து, அடுத்த மூன்றில் 1.4ஆக இறங்கியிருந்தால், தொடக்க வரிசையில் இடம் மாறாவிட்டாலும் கார் முன்னேறியிருக்கிறது. நடுவரிசையில் அரை சதவீதத்துக்குள் ஆறேழு கார்கள் அடைந்துகிடக்கும். அந்தக் கூட்டத்தின் வாலைத் தொடும்வரை முன்னேற்றம் இடமாகத் தெரியாது. தொட்டபின் ஒரே வாரத்தில் ஐந்து இடம் தாவும்.

கேடிலாக்குக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. ஃபெராரி, ஹாஸ் கார்களிலும் அதே பவர் யூனிட். நேர்தடத்தின் முடிவில் வேகம் ஒத்திருந்து, வளைவில் நேரம் போனால் குறை சேஸிஸில் (பவர் யூனிட் தவிர்த்த காரின் உடலில்). ஆடிக்கு அந்த அளவுகோல் இல்லை. தங்கள் இன்ஜின் மெதுவா, தங்கள் கார் காற்றை அதிகம் இழுக்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்ல ஜி.பி.எஸ். வேகக் கோடுகளை வைத்துக் கணக்குப் போடத்தான் வேண்டும். அந்தக் கணக்கில் பிழை இருக்கும். நாய்பர்க் ஹின்வில்லைக் கைகாட்டுவதும், ஹின்வில் நாய்பர்க்கைக் கைகாட்டுவதும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பவர் யூனிட் பக்கம் வருவோம். 2026 விதியில் மின் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட் உச்சத்துக்குப் போயிருக்கிறது. இன்ஜின் பங்கு சுமார் 400 கிலோவாட்டாக இறங்கியிருக்கிறது. பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய அளவு சுமார் 4 மெகாஜூல். 350 கிலோவாட்டில் செலவழித்தால் 11.4 விநாடியில் காலி. ஒரு சுற்றில் முழு த்ராட்டில் அதைப்போலப் பல மடங்கு நேரம் இருக்கும். ஆகவே எங்கே செலவழிப்பது, எங்கே பிரேக்கில் திரும்பச் சேர்ப்பது, நேர்தடத்தின் முடிவில் எப்போது மோட்டாரை இன்ஜினுக்கு எதிராகத் திருப்பிச் சேமிப்பது என்பதெல்லாம் மென்பொருளின் வேலை. புது அணி முதலில் சறுக்குவது இங்கேதான். பேட்டரி சூடானால் மென்பொருள் தானாகவே சேமிப்பைக் குறைக்கும். பின் பிரேக்கில் மோட்டார் எடுக்கும் பங்கு திடீரென்று குறையும்போது, ஹைட்ராலிக் பிரேக் அந்தப் பங்கைச் சரியான நொடியில் ஏற்காவிட்டால் பின்சக்கரம் பூட்டும், ஓட்டுநர் வளைவைத் தவறவிடுவார். வெளியில் பார்ப்பவர் ஓட்டுநர் தவறு என்பார். தரவைப் பார்த்தால் பேட்டரி வெப்பம் என்று தெரியும். ஓட்டுநரைக் குறைசொல்லுமுன் பேட்டரி வெப்பம், பின் பிரேக் ஆகிய இரண்டின் தரவுக் கோடுகளையும் ஒரே திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தொடக்கமும் அப்படித்தான். டர்போவைச் சுழற்றித் தயாராக வைத்திருந்த மின் மோட்டார் 2026இல் இல்லை. விளக்கு அணையும் முன் இன்ஜின் வேகத்தை உயர்த்தி, நேரம் கொடுத்துத்தான் டர்போவைச் சுழல வைக்க வேண்டும். க்ளட்ச் பிடிக்கும் இடம் சற்று மாறினாலும் காரின் பின்சக்கரம் சுழன்றோ இன்ஜின் திணறியோ முதல் வளைவுக்குள் ஆறு இடம் போய்விடும். தொடக்கத்தில் இழந்த இடங்களுக்குத் தனியாக ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். இது பயிற்சியால் தீரும் குறை, பணத்தால் தீராது.

இன்ஜின் பிரிவும் சேஸிஸ் பிரிவும் ஒன்றுக்கொன்று எப்படி இடம்கொடுத்தன என்பதற்கு 2015இன் மெக்லாரன்-ஹோண்டாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. பின்பகுதி ஒல்லியாக வேண்டும் என்பதற்காக இன்ஜினை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினார்கள். கம்ப்ரசரை வி-வடிவ சிலிண்டர்களுக்கு நடுவே வைத்ததால் அதைப் பெரிதாக்க இடமில்லை. டர்போவிலிருந்து சேகரித்த மின்சாரம் போதாமல், நேர்தடத்தின் பாதியிலேயே உதவி தீர்ந்துபோனது. ஹெரெஸ் சோதனையில் நான்கு நாளில் ஓடியது 79 சுற்று. மெல்போர்னில் இன்ஜின் தாங்க வேண்டும் என்று சக்தியைக் குறைத்து ஓட்டி, தகுதிச் சுற்றில் கடைசி இரண்டு இடங்கள். மக்னுஸனின் கார் தொடக்க வரிசைக்கே வந்துசேரவில்லை; பட்டன் இரண்டு சுற்று பின்தங்கி 11ஆவதாக முடித்தார். ஸ்பாவில் இன்ஜின் பாகங்களை மாற்றியதற்காக இரண்டு கார்களுக்கும் சேர்த்து, தொடக்க வரிசையில் 105 இடம் பின்னுக்குத் தள்ளும் தண்டனை. பருவ முடிவில் 27 புள்ளி, 9ஆம் இடம். அதே ஹோண்டா 2019இல் ஆஸ்திரியாவில் ரெட் புல் காரில் வென்றது. 2021இல் வெர்ஸ்டாப்பனோடு உலகப் பட்டம். அடித்தளத்தில் எடுத்த ஒரு முடிவைத் திருத்த எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதற்கு இதுவே கணக்கு. உங்கள் அணியில் ரேடியேட்டர் அளவிலும் இன்ஜின் உயரத்திலும் யார் விட்டுக்கொடுத்தார்கள், ஏன் என்று கேட்டுவையுங்கள். விடை யாருக்கும் தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

எடையைப் பற்றிச் சுருக்கமாக. குறைந்தபட்ச எடை 768 கிலோ. புது அணி உடையக்கூடாது என்று எல்லாவற்றையும் கொஞ்சம் தடிமனாகச் செய்யும். அது சரியான முடிவு. 10 கிலோவுக்குச் சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி என்பது வழக்கமான கணக்கு. 12 கிலோ கூடுதல் என்றால் மெல்போர்னின் 58 சுற்றில் 20 விநாடிக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு பிட் ஸ்டாப்புக்கு ஆகும் மொத்த நேரம். முதலில் ஓட்டம், பிறகு எடைக் குறைப்பு. அந்த வரிசையை மாற்றச் சொல்லி அழுத்தம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது உதிரி பாகம். இதில்தான் தலைமையகத்தின் ஆசை அணியை அதிகம் கெடுக்கிறது. மூன்றாம் பந்தயத்திலேயே "மேம்பாடு எங்கே" என்று கேட்டால், தொழிற்சாலையின் கார்பன் ஃபைபர் அச்சுகளும் அடுப்புகளும் புது ஃப்ளோருக்குப் போய்விடும். பழைய வடிவத்தின் உதிரி செய்ய ஆளிருக்காது. புது ஃப்ளோர் ஒன்றே ஒன்று வரும். ஒரு ஓட்டுநருக்கு அது, மற்றவருக்குப் பழையது. பயிற்சியில் ஒரு கர்ப் அதை உடைத்தால் இரண்டுமே பழையதாகிவிடும், ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ளவும் வழியில்லை. எங்கள் பரிந்துரை: இரண்டு காருக்கும் ஒவ்வொன்று, கையில் ஒன்று என்று மூன்று ஃப்ளோர் சேராமல் புது வடிவத்தைத் தடத்துக்கு அனுப்பாதீர்கள். முன் இறக்கை என்றால் குறைந்தது ஐந்து. உதிரி இல்லை என்று தெரிந்த ஓட்டுநர் இடைவெளி கண்டாலும் உள்ளே நுழைய மாட்டார். அந்தத் தயக்கமும் நேரமாகத்தான் வெளிப்படும்.

மேம்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் பழைய ஃப்ளோர், புதிய ஃப்ளோர், மறுபடி பழைய ஃப்ளோர். ஒரே ஓட்டுநர், ஒரே வகை டயர், ஒரே எரிபொருள் அளவு. மூன்றாவது ஓட்டம் ஏன் என்றால், தடம் நிமிடத்துக்கு நிமிடம் வேகமாகிறது. பழையது, புதியது என்று இரண்டே ஓட்டம் ஓடினால் தடத்தின் முன்னேற்றத்தை ஃப்ளோரின் முன்னேற்றம் என்று எண்ணிவிடுவோம். அழுத்த அளவைக் குழாய்கள் வரிசையாக வைத்த சட்டத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் மாட்டி, சீரான வேகத்தில் ஓட்டி, காற்றுச் சுரங்கத்தில் கண்ட படத்தோடு ஒப்பிட வேண்டும். சுரங்கத்தில் இருப்பது 60 சதவீத அளவு மாதிரி. அதன் டயர் நிஜ டயர் போல நசுங்காது, ஃப்ளோரின் ஓரம் நிஜத்தில் வளைவதுபோல வளையாது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், அடுத்த மேம்பாட்டை நிறுத்திவிட்டு ஏன் ஒத்துவரவில்லை என்று பார்ப்பதுதான் வேகமான வழி. அதற்கு ஒரு மாதம் ஆகலாம். அந்த மாதத்தை உங்கள் அணிக்குக் கொடுங்கள். 2025இல் 9ஆம் இடம் பிடித்ததால் ஆடிக்குப் பருவத்தின் முதல் பாதியில் அனுமதிக்கப்பட்ட சுரங்கச் சோதனை, அடிப்படை அளவில் 110 சதவீதம். முதலிடம் வந்த அணிக்கு 70. அந்தச் சலுகை ஜூன் இறுதிவரைதான், பிறகு அப்போதைய இடத்தை வைத்து மாறும். தவறான அளவுகோலோடு 110 சதவீதம் ஓட்டினால் தவறுதான் 110 சதவீதம் வளரும்.

பிட் ஸ்டாப்பில் சிறந்த நேரத்தைக் கேட்காதீர்கள், மோசமான நேரத்தைக் கேளுங்கள். 2024இன் முதல் பந்தயமான பஹ்ரைனில் சாபரின் போட்டாஸ் 50 விநாடிக்கும் மேல் பிட்டில் நின்றார். வீல் நட் புரி மாறி ஏறிக்கொண்டது. அடுத்தடுத்த பந்தயங்களிலும் அதே தொல்லை. புது நட், புது கன், புது அச்சுமுனை எல்லாம் சேர்ந்த அமைப்பு அது. குழுவினரைத் திட்டினால் தீராது, நட்டையும் அச்சுமுனையையும் மாற்றி வடிவமைத்துச் செய்துவர வாரக்கணக்கில் ஆனது. அந்தப் பருவத்தில் அணியின் முதல் புள்ளி 23ஆவது பந்தயத்தில், கத்தாரில்தான் வந்தது. 2.2 விநாடியில் ஒருமுறை முடித்து, அடுத்தமுறை 14 விநாடி நிற்கும் குழுவைவிட, எப்போதும் 2.8இல் முடிக்கும் குழு பத்து மடங்கு மேல்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். 1999இல் ஸ்டூவர்ட் அணி நூர்பர்க்ரிங்கில் வென்று, 36 புள்ளியோடு 4ஆம் இடம் பிடித்தது. ஃபோர்டு அதை வாங்கி ஜாகுவார் என்று பெயரிட்டது. 2000 மெல்போர்னில் இரண்டு கார்களும் முடிக்கவில்லை; ஆண்டு முடிவில் 4 புள்ளி, 9ஆம் இடம். பிறகு பாபி ரஹால் வந்தார், ஓராண்டுகூட முழுதாக முடியாமல் போனார். நிக்கி லவுடா வந்தார், 2002 முடிவில் போனார். அடுத்து வேறு நிர்வாகம். ஒவ்வொருவரும் முந்தியவர் வரைந்த திட்டத்தைப் பாதியில் விட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டில் இரண்டு மூன்றாம் இடங்கள். 2004இல் ரெட் புல்லுக்கு விற்றார்கள். மில்டன் கீன்ஸின் அதே தொழிற்சாலையிலிருந்துதான் 2010இன் உலகச் சாம்பியன் கார் வந்தது.

மாறாக, மெர்சிடிஸ் 2009இன் சாம்பியனான பிரான் அணியை வாங்கி, 2010இல் ஒரு வெற்றியும் இல்லாமல் 4ஆம் இடம், 2011இல் மறுபடி 4, 2012இல் ஒரு வெற்றியோடு 5 என்று நின்றது. மூன்றாம் ஆண்டில் முதலாம் ஆண்டைவிடக் கீழே. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் 2014இன் உலகப் பட்டம் வந்திருக்காது.

பி.எம்.டபிள்யூ.வின் கதை வேறு மாதிரி. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் ஆண்டுக்கு ஒரு படி என்று திட்டமிட்டார்கள்: புள்ளி, மேடை (முதல் மூன்று இடம்), வெற்றி, பட்டம். 2008 ஜூனில் கனடாவில் குபிட்சா வென்று, ஓட்டுநர் பட்டியலில் முதலிடத்துக்கும் வந்தார். அந்த ஆண்டுக்கான படி ஏறியாயிற்று என்று கவனத்தை 2009 காருக்குத் திருப்பினார்கள். 2009 கார் தோற்றது. ஜூலையிலேயே வெளியேறும் அறிவிப்பு வந்தது. இதையும் ஜாகுவாரையும் சேர்த்துப் படித்தால், திட்டம் இல்லாமை மட்டுமில்லை, தடத்தில் நடப்பதைப் பார்க்காமல் தாளில் இருப்பதைப் பின்பற்றுவதும் அதே அளவு ஆபத்து என்று புரியும்.

எனவே, ஆறாம் பந்தயம் முடிந்தபின் ஒரு கூட்டம் வையுங்கள். அதற்கு முன் வேண்டாம். விதியும் அந்த ஆறை ஒட்டித்தான் எழுதப்பட்டிருக்கிறது: முதல் ஆறு பந்தயங்களின் இன்ஜின் செயல்திறனை, விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்.ஐ.ஏ. அளந்து, சிறந்த இன்ஜினைவிட 2 முதல் 4 சதவீதம் பின்தங்கியவருக்கு ஒரு கூடுதல் மேம்பாடு, 4க்கும் மேல் பின்தங்கியவருக்கு இரண்டு. அந்த அளவீடு கையில் வந்தபின் பேசினால் நாய்பர்க்கா ஹின்வில்லா என்ற வாக்குவாதத்தில் பாதி தானாகவே அடங்கும். அதுவரை பவர் யூனிட் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுச் சலுகையோடு ஓட்டுநருக்குப் பருவம் முழுதுக்கும் நான்கு இன்ஜின்தான், அதற்கு மேல் போனால் தண்டனை. ஆறு பந்தயத்துக்குள் இரண்டு போய்விட்டிருந்தால், பருவத்தின் பிற்பாதியில் தண்டனை எந்தத் தடத்தில் வாங்குவது என்று இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மொனாக்கோ போல முந்த முடியாத இடத்தில் வாங்கக்கூடாது.

மேசையில் நான்கு தாள் இருந்தால் போதும்: ஓடிய சுற்று, நின்ற காரணங்கள், முதல் தகுதிச் சுற்றின் சதவீத இடைவெளி, மோசமான பிட் ஸ்டாப்புகளும் தொடக்கங்களும். புள்ளிப் பட்டியல் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது, அச்சிட வேண்டாம். கூட்டத்தைத் தலைமையகத்தில் வைக்காமல், கார் பிரித்துப் போட்டிருக்கும் பட்டறையில் வையுங்கள். தேய்ந்துபோன அந்தக் குழாயை யாராவது உங்கள் கையில் கொடுப்பார்கள். வாங்கிப் பாருங்கள். மாற்றிச் செய்த புதுக் குழாயையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கார்களை ஒவ்வொரு சுற்றும் எண்ணிக்கொண்டிருக்கும் பந்தயப் பொறியியல் ஆர்வலர்கள்